மஞ்சள் கோடு

காப்பி நன்றாக இருக்கிறது. நான் வேலை செய்யும் பஸ் டிப்போவில் இப்படி ஒரு காப்பியைக் கண்டதில்லை. பொலிஸ் நிலையத்துக் காப்பி கழுநீர் மாதிரி இருக்கும் என்று எங்கள் கார்ப் பந்தயக் குழுத் தலைவர் ஜெயரத்தினம் ஒருமுறை சொன்னார். அவர் சொன்ன மற்ற எல்லாவற்றையும் போல அதுவும் புழுகு.

எனக்கு நோர்வேஜிய மொழி நன்றாகத் தெரியும். ஆனாலும் தமிழில்தான் சொல்வேன். அது என் உரிமை என்று நீங்களே வாசித்துக் காட்டினீர்கள். மொழிபெயர்க்க வந்திருக்கும் இந்த அம்மா கோயம்புத்தூர்க்காரர். நான் ஆம் என்பதற்கு "ஓம்" என்று சொல்லும்போதெல்லாம் ஏதோ மந்திரம் தொடங்கப்போகிறேன் என்பது போல ஒரு கணம் நிமிர்ந்து பார்க்கிறார். பரவாயில்லை, பழகிவிடும்.

நீங்கள் தர்மினியைப் பற்றிக் கேட்கிறீர்கள். என் அக்கா இராஜேஸ்வரியின் மகள், என் மருமகள், போன புதன்கிழமை காரோடு போய்ச் சேர்ந்தவள். நான் அவளில் இருந்து தொடங்கமாட்டேன். காரில் இருந்துதான் தொடங்குவேன். கார் இல்லாமல் இதில் ஒன்றும் விளங்காது.

எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் குடியிருப்புக்குக் கீழே ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்திருந்தோம். இரண்டு குளிர்காலம் நான் அதற்குள்தான் கிடந்தேன். துருப்பிடித்த பழைய சுவீடன் காரொன்றை நட்டு நட்டாகக் கழற்றி, தேய்த்து, வெல்ட் வைத்து, திரும்பக் கட்டினேன். ஜெயரத்தினம் சனிக்கிழமைகளில் வருவார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வருவார், புருசெத்தில் உள்ள தன் கடையின் பெயரைக் கதவில் எவ்வளவு பெரிதாக எழுதலாம் என்று சாண் போட்டுப் பார்ப்பார், போவார். குழுவுக்கு மின்னல் என்று பெயர் வைத்ததும் அவர்தான். அந்தப் பெயருக்கு மட்டும் மூன்று கூட்டம் கூடினார்கள். எஞ்சினுக்கு ஒருவரும் கூடவில்லை.

தர்மினி ஓட்டுநர். மின்சார வேலை செய்பவள், கை துடியானவள், பயம் கிடையாது. அந்தக் கூட்டத்தில் மூளை என்று ஒன்று இருந்ததென்றால் அது அவளிடம்தான். அதையும் அவள் முழுதாகப் பயன்படுத்தியதில்லை என்பது என் அபிப்பிராயம். ஊரில் உள்ளவன் எல்லாரையும் நல்லவன் என்று நம்புகிற வியாதி அவளுக்கு.

என் வேலை முறையை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். நான் ஒரு நட்டை இறுக்கி முடித்தால், நட்டின் மேலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்சள் மையால் மெல்லியதாக ஒரு கோடு போடுவேன். நட் ஒரு மயிரிழை அசைந்தாலும் கோடு முறிந்துவிடும். கோடு நேராக இருந்தால் கை வைக்கத் தேவையில்லை. வேறு மெக்கானிக்குகளும் செய்வார்கள், ஆனால் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது மாதிரிச் செய்வார்கள். "மாமா நட்டுக்குச் சந்தனம் பூசுறார்" என்று தர்மினி பகிடி பண்ணுவாள். பகிடி பண்ணினாலும் பழகிக்கொண்டாள். டோர்ச் அடித்து ஒவ்வொரு கோடாகப் பார்க்காமல் அவள் காரில் ஏறியதே இல்லை. நான் அப்படிப் பழக்கியிருந்தேன்.

இனி இந்த அம்மாவுக்காக ஒன்றை விளக்குகிறேன். கோயம்புத்தூரிலும் கார்ப் பந்தயம் உண்டு என்று வரும்போது சொன்னார். அது வேறு. அங்கே காசுள்ளவனின் கார் முன்னுக்கு வரும். இங்கே நாங்கள் ஓடுவது பில்குரோஸ். காட்டுக்குள் சரளைக்கல் தடம், கண்ணாடி கழற்றி உள்ளே இரும்புக்கூடு போட்ட பழைய கார்கள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சில சுற்றுப் பறக்கும். எவனும் காசைக் கொட்டிக் கார் கட்டக் கூடாது என்பதற்காக நோர்வேக்காரர் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். பந்தயம் முடிந்ததும், ஓடிய எந்தக் காரையும், உரிமம் உள்ள எந்த ஓட்டுநரும் விலைக்குக் கேட்கலாம். எல்லாக் காருக்கும் ஒரே விலை, மலிவு விலை. கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். மறுத்தால் உரிமத்தைப் பறித்துவிடுவார்கள். பலர் கேட்டால் சீட்டுக் குலுக்குவார்கள்.

இதைச் சமத்துவம் என்கிறார்கள். நான் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறேன். அதை மொழிபெயர்க்க இந்த அம்மா சங்கடப்படுவார்.

விதி எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். தெரியும். தெரிந்தவர்கள் தங்கள் காரை வேண்டுமென்றே அசிங்கமாக வைத்திருப்பார்கள், கதவை நெளிய விடுவார்கள், நிறத்தைத் துப்பினது மாதிரி அடிப்பார்கள், கண்டவன் ஆசைப்படக் கூடாது என்று. மாசி மாதம், நான் மூன்றாவது தடவை நீலம் அடித்துக்கொண்டு நின்றபோது தர்மினி சொன்னாள்.

"மாமா, இவ்வளவு வடிவாய் வேண்டாம். கேக்கப்போறாங்கள்."

"கேக்கட்டும்" என்றேன். "அசிங்கமாய்ச் செய்ய எனக்குத் தெரியாது."

ஜெயரத்தினம் சிரித்தார். "எங்கட காரை எவன் கேக்கப்போறான்? தமிழன் கட்டின கார் எண்டு கிட்டவும் வரமாட்டாங்கள்." அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த மனிதருக்கு ஆறுதல் சொல்லவும் தெரியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பருவத்தின் முதல் பந்தயம் மே மாதத் தொடக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை. நிழல் பக்கத்தில் இன்னும் பனி கிடந்தது. எங்கள் ஆட்கள் ஒரு பஸ் நிறைய வந்தார்கள், பந்தயம் பார்க்க அல்ல, ரோல்ஸ் சாப்பிட. ஜெயரத்தினம் நான்கு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்துத் தேங்காய் உடைத்தார். தேங்காய் ஒரே அடியில் உடையவில்லை. பக்கத்துக் குழுவில் இருந்த ஒரு பெண் பிள்ளை வந்து எலுமிச்சம்பழம் டயருக்குப் பிடிப்புக் கொடுக்குமா என்று மரியாதையாகக் கேட்டாள். அதுதான் சோஃபி. தலைமுடியைக் கயிறு மாதிரிப் பின்னி, முகம் முழுவதும் கிரீஸ். தர்மினியும் அவளும் போன வருடம் ஓட்டுநர் வகுப்பில் ஒன்றாகப் படித்தவர்களாம். அவள் குனிந்து என் கோடுகளைப் பார்த்தாள். விரலால் ஒன்றைத் தொட்டாள். "அழகு" என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பவன் முதலில் அப்படித்தான் சொல்வான்.

ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். தர்மினி முதலாவதாக வந்தாள். கடைசிச் சுற்றில் இரண்டு கார்களுக்கு நடுவால் புகுந்து வந்தபோது என் கார் ஒரு சத்தம் போட்டது, அதை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்தார்கள், பறை கொண்டுவந்திருந்தவன் அடித்தான். ஜெயரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் கடைப் பெயர் தெரியும்படி படம் எடுக்கச் சொன்னார். ஒருவராவது என்னிடம் வந்து கையைப் பிடித்தார்களா என்று கேளுங்கள். தர்மினி பிடித்தாள். ஓம், அவள் ஒருத்தி. தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து பிடித்தாள்.

அதற்குப் பிறகு காரைக் கேட்டவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். மற்றக் கார்களுக்கு ஒருவர், இருவர். எங்கள் காருக்கு ஒரு கூட்டமே பெயர் கொடுத்திருந்தது. சோஃபியின் பெயரும் இருந்தது.

தர்மினி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, ஒருக்காக் கேளுங்கோ. சோஃபி பேர் குடுத்தது வந்து..."

"காது கேக்குது எனக்கு" என்றேன். "பேசாமல் நில்லு."

சீட்டுக் குலுக்கினார்கள். சோஃபிக்கு விழுந்தது. அப்போது நான் கண்டதைச் சொல்கிறேன். காரைப் பறிகொடுத்த என் மருமகள், பறித்தவளிடம் போய்க் கட்டிப் பிடித்துக்கொண்டு துள்ளினாள். இரண்டும் சிரித்தன. நான் இரண்டு குளிர்காலம் முதுகு விறைக்கக் கிடந்தது அந்தச் சிரிப்புக்குத்தான் என்று விளங்கியது. பிறகு என்னிடம் வந்தாள். அதிகாரிகள் பக்கத்தில் நின்றார்கள், அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"மாமா, கவலைப்படாதேங்கோ. இஞ்சை வைச்சுக் கதைக்கேலாது. பிறகு சொல்லுறன்."

"எனக்கு நீ ஒண்டும் சொல்லத் தேவையில்லை" என்றேன். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் அதைப் பார்க்கவில்லை என்று சொல்லவில்லை.

சோஃபியிடம் போய், காருக்குள் எங்கள் பிள்ளையார் படம் இருக்கிறது, அதைக் கழற்ற வேண்டும், கொஞ்ச நேரம் தர முடியுமா என்று நல்ல நோர்வேஜிய மொழியில் கேட்டேன். தாராளமாக என்றாள். நான் படத்தைக் கழற்றிக் கொடுத்தேன். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். முன்சக்கரத்தின் பக்கம் ஒரு கம்பியும் கட்டியிருக்கிறேன், அதையும் எடுக்க வேண்டும் என்றேன். அவள் தலையாட்டினாள். நான் கீழே படுத்தேன்.

ஸ்டியரிங் தண்டு சக்கரத்தோடு சேரும் இடத்தில் ஒரு மூட்டு இருக்கிறது. அதைப் பிடித்திருப்பது ஒரு நட். அந்த நட் கழலாமல் பிடித்திருப்பது ஒரு சின்னப் பின். பின்னை இழுத்து எடுத்தேன். நட்டைத் தேவையான அளவு தளர்த்தினேன். பழைய கோட்டைத் துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு கோடு போட்டேன். என் மைப் பேனா எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். கோடு நேராக வந்தது. எழும்பி வந்து அவளிடம் படத்தை வாங்கி, நன்றி சொன்னேன். அவளும் நன்றி சொன்னாள்.

உடனே கழன்றுவிடாது. பிடித்துக்கொண்டிருக்கும். வேகமும் குலுக்கலும் சேர்ந்தால்தான் போகும். அதை ஏன் செய்தேன் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபம் கிடையாது. அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. என் கார் இன்னொருத்தியின் கைக்கு அடங்கக் கூடாது என்று நினைத்தேன், அவ்வளவுதான். அது அடங்காமல் போகும்போது உள்ளே யார் இருப்பார்கள் என்பது அவர்கள் வைத்த விதியின் பாடு. மலிவு விலைக்கு என் இரண்டு வருடத்தை எடுங்கள் என்று நான் அவர்களிடம் கேட்கவில்லையே.

அன்று வீட்டுக்குப் போய் நன்றாக நித்திரை கொண்டேன். திங்களும் செவ்வாயும் வேலைக்குப் போனேன். ஒரு பஸ்ஸின் பிரேக்கைத் திருத்தினேன், கோடு போட்டேன். அக்கா நண்டுக் கறி கொடுத்துவிட்டாள். "தர்மினியோடை கோவியாதை, பிள்ளை உன்னோடை கதைக்க ஓடித் திரியுது" என்று தொலைபேசியில் சொன்னாள். கறி உறைப்புக் கூட என்று சொல்லி வைத்துவிட்டேன்.

புதன்கிழமை பின்னேரம் தர்மினி எனக்கு அழைத்தாள். நான் எடுக்கவில்லை. திரும்ப அழைத்தாள். எடுக்கவில்லை. குரல் பதிவு ஒன்று அனுப்பினாள். அதை நான் கேட்டது இங்கே, நீங்கள் போட்டுக் காட்டியபோதுதான். இன்னொரு தடவை போட வேண்டாம், எனக்கு மனப்பாடம். "மாமா, கோபமெல்லாம் போதும். இண்டைக்குப் பயிற்சித் தடத்துக்கு ஒருக்கா வாங்கோ. உங்களுக்கு ஒரு சாமான் காட்டவேணும். வந்தால் அழுவீங்கள், சொல்லிப்போட்டன்."

சாமான் என்றது காரை.

நீங்கள் எனக்கு விளங்கப்படுத்தினீர்கள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி. ஒரு நல்ல காருக்குப் பலர் பெயர் கொடுப்பார்கள் என்று தெரிந்தால், சிநேகிதர்களும் பெயர் கொடுப்பார்களாம். சிநேகிதருக்குச் சீட்டு விழுந்தால் காரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம். விதிக்குச் சரியில்லை, அதனால் அதிகாரிகள் முன்னால் கதைக்கமாட்டார்கள், ஆனால் அந்த மைதானத்தில் நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியுமாம். ஜெயரத்தினத்துக்குக்கூட. அதுதான் எனக்கு ஆறவில்லை. நாள் முழுக்க எங்கள் வான் வண்டிக்குள் தனியே இருந்து சாப்பிட்ட எனக்கு மட்டும் தெரியாது.

மற்றதையும் சோஃபி உங்களிடம் சொல்லியிருக்கிறாள். தான் ஓடிப் பார்க்கவே இல்லை, கார் வந்தபடியே இழுவை வண்டியில் நின்றது என்று. முதல் ஓட்டம் நீதான் என்று தர்மினியிடம் தலைக்கவசத்தைக் கொடுத்தாள் என்று. தர்மினி உடனே ஏறவில்லை என்று. வேலை முடிந்து மாற்றிக்கொண்டு வந்த நல்ல உடுப்போடு சரளைக்கல்லில் படுத்து, டோர்ச் அடித்து, ஒவ்வொரு கோடாகப் பார்த்தாள் என்று. ஏன் என்று சோஃபி கேட்டதற்கு, "மாமா வந்தவுடன முதல் கேள்வி அதுதான் கேப்பார்" என்றாளாம். முன்சக்கரத்துக் கோட்டை இரண்டு தடவை பார்த்தாளாம். அது மற்றவற்றை விடப் புதிதாக இருக்கிறது என்று சோஃபிக்குக் காட்டி, ஞாயிற்றுக்கிழமை மாமா கீழே படுத்தது இதற்குத்தான் போலிருக்கிறது, கோபத்திலும் எனக்காகச் சரிபார்த்துவிட்டுத்தான் கொடுத்திருக்கிறார் என்றாளாம்.

அவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள். நான் முதலே சொன்னேன், அவளுக்கு அந்த வியாதி.

மூன்றாவது சுற்று வரைக்கும் தாங்கியிருக்கிறது. நான் முதலாவதிலேயே போகும் என்று நினைத்தேன். அந்த மூட்டை நான் எவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தேன் என்பதற்கு அது அத்தாட்சி, வேண்டுமானால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வளைவில் கார் திரும்பவில்லை. அதற்கப்பால் பாறை.

நேற்று அக்கா இங்கே வந்து வெளியே வாங்குப் பலகையில் இருந்தாள். நீங்கள் உள்ளே விடவா என்று கேட்டீர்கள், நான் வேண்டாம் என்றேன். அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். தம்பி, உனக்குத் தெரியுமா, ஏன் இப்படி நடந்தது, நீதானே அந்தக் காரைக் கட்டினனீ என்பாள். என்னில் இன்னும் சந்தேகப்படவில்லை அவள். என் கையைப் பிடித்து அழ வந்திருக்கிறாள்.

ஓம், நான்தான் செய்தேன். பின்னை எடுத்தது நான், நட்டைத் தளர்த்தியது நான், கோடு போட்டது நான். ஒளிக்க எனக்கு ஒன்றும் இல்லை. கையெழுத்தும் வைக்கிறேன். ஆனால் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். ஒரு சொல் சொல்லியிருந்தால் ஓடிப்போய் என் கையாலேயே இறுக்கியிருப்பேன். அந்த அம்மா ஏன் மொழிபெயர்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்? சொன்னதைச் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. அந்தச் சோஃபியை நீங்கள் சாட்சியாகத்தான் வைத்திருக்கிறீர்கள், அழ அழத் தண்ணீர் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினீர்களாம். அவளிடம் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். சட்டப்படி விலை கொடுத்து வாங்கிய காரைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அவளிடம் யார் கேட்டார்கள்? அவர்கள் வைத்த விதியை அவர்களே மதித்து, வாங்கியவளே அதை ஓட்டியிருந்தால், என் மருமகள் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள்.